எழுந்து போனால் ஜெயிக்கும்

— தள்ளி உக்காரு, கேஸ். விவாகரத்து அன்னிக்கு ஜட்ஜ் உனக்கு ஒரு சீட்டுதான் குடுத்தாரு. இது என்னோடது.

— இவ்வளவு கம்பளியைச் சுத்திக்கிட்டு வந்தா நான் எங்க தள்ளுறது, லியோனா?

— ஆமா, ரொம்பத்தான். வீட்டைப் பிரிச்சோம், நாயைக்கூட நீ எடுத்துக்கிட்டே. இந்த ரெண்டு சீட்டை மட்டும் ரெண்டு பேருமே விடலை. சீசன் வந்தா ஞாயித்துக்கிழமைதோறும் உன் மூஞ்சிதான் எனக்கு.

— இன்னியோட தீந்துது. அடுத்த வாரம் இந்த ஸ்டேடியத்தையே இடிக்கப் போறான். நீயும் அரிசோனாவுக்கு, மக வீட்டுக்குப் போயிடுவே. அங்க பனியும் கிடையாது, நானும் கிடையாது.

— பனி இல்லாதது கஷ்டமாத்தான் இருக்கும்.

— நக்கலு! அந்தப் பெரிய பனி விழுந்தப்போ நாமளே மண்வாரி கொண்டாந்து சீட்டைத் தோண்டினோமே, ஞாபகம் இருக்கா?

— அடுத்தவன் சீட்டைத் தோண்டினோம்! உங்களது பின்வரிசைன்னு அந்தத் தடியன் வந்து நின்னானே. நல்லாத் தோண்டியிருக்கீங்கன்னு நன்றி வேற சொன்னான்.

— சத்தியமா! அன்னிக்கும் நீ சாஸேஜ் வாங்கப் போன நேரத்துலதான் நம்ம பசங்க பந்தைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் டச்டவுன் போட்டாங்க.

— நான் எங்க போனேன்? நீ விரட்டினே. நீ எந்திரிச்சுப் போனாத்தான் நம்ம பசங்க ஜெயிக்கிறாங்க, போ போன்னு. கல்யாணமானதுலேருந்து ஒரு நல்ல ஆட்டத்தோட முடிவை நான் கண்ணால பாத்ததில்லை. கடை வரிசையில நின்னு, கூட்டம் போடுற சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன்.

— பலிச்சுதே!

— பலிக்காம? நான் வீட்டை விட்டே போன வருஷம் ஃபைனல் வரைக்கும் போனாங்களே. ஊரே ஆடுச்சு. நீயும் ஆடியிருப்பே.

— ஆடலை.

— பொய்.

— சத்தியமா. உன் சீட்டுல வாராவாரம் யார் யாரோ வந்து உக்காந்தாங்க. ஜெயிச்சா என்னைக் கட்டிப்பிடிச்சாங்க. எனக்கு வீட்டுக்குப் போனாப் போதும்னு இருந்துது. வீட்லயும் யாரும் இல்லை.

— இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லே? மறு வருஷமே நான் இந்தச் சீட்டுக்குத் திரும்பி வந்தேனே.

— ஆட்டத்துக்குத்தானே வந்தே.

— மண்டு. சரி, அங்க பாரு, கடைசி உதை. பந்து அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல போயிட்டா வெளியூர்ல அடுத்த சுற்று ஆடப் போயிடுவோம்.

— ஏரிக்காத்து வேற இந்த அடி அடிக்குது. போன வாரமும் இந்தப் பையன் கோட்டை விட்டான். இன்னிக்கும் விட்டான்னா சீசனே அவ்வளவுதான். அய்யோ, என்னால பாக்க முடியலை.

— இந்தா, கம்பளியைப் பிடி. நான் கிளம்புறேன்.

— எங்க?

— எங்கேயாம்! சாஸேஜ் கடைக்குத்தான். அரிசோனா போறதுக்கு முன்னாடி உனக்காகக் கடைசியா ஒரு தடவை எந்திரிச்சுப் போறேன். ஜெயிச்சுக்கோ.

— லியோனா...

— கையை விடு, கேஸ். உதைக்கப் போறான்!

— தோத்தா தோத்துட்டுப் போகட்டும். நீ உக்காரு.