விதி பதினொன்றும் ஒரு கோசாக் வீரனும்

ஆயிரக்கணக்கானவர்களை மயக்க மருந்து கொடுத்து உறங்க வைத்து, உறங்கியவர்களை ஒருவர் விடாமல் எழுப்பியும் விட்ட மருத்துவ மாமணி, கேட்டி வட்டாரத் தமிழ் மன்றத்தின் மாண்புமிகு தலைவர் டாக்டர் குமாரசாமி அவர்களே! மேற்கு ஹூஸ்டன் முழுவதற்கும் உப்பும் புளியும் உளுத்தம்பருப்பும் வழங்கிவரும் மளிகைக் கடை உரிமையாளரும், மன்றத்தின் பொருளாளருமான என் ஆருயிர் நண்பர் அப்துல் ரஹீம் அவர்களே! சனிக்கிழமை மதியத் தூக்கத்தைத் தமிழுக்காகத் தியாகம் செய்துவிட்டு, அதை இங்கே நாற்காலியில் தொடர வந்திருக்கும் பெரியோர்களே! சாக்கர் பிராக்டிஸ் நடுவே பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஃப்ரீவேயில் பறந்து வந்த தாய்மார்களே! தமிழில் திட்டினால் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லும் செல்வங்களே! இந்த மனிதர் இன்றைக்கு என்னத்தை உளறப் போகிறாரோ என்று மூன்றாவது வரிசையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி வசந்தாமணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த வேலுமணியின் பணிவான, பயந்த வணக்கம்.

ஏன் பயந்த வணக்கம்? கையில் இருக்கும் அழைப்பிதழைப் பாருங்கள். நான்கு மணிக்கு, ‘கோசாக் நாவலின் நாயகன்: ஓர் இலக்கிய உரை, வழங்குபவர் வேலுமணி’. நாலேகாலுக்கு, ‘விதி பதினொன்றின் கீழ் வேலுமணியை மன்றத்திலிருந்து நீக்குவது பற்றிய வாக்கெடுப்பு’. நாலரைக்குக் காபி, மெதுவடை. ஒரே அழைப்பிதழில் மாலையும் போட்டு மயானத்துக்கும் வழி காட்டிய மன்றம் உலகத்தில் வேறு உண்டா? நீக்கப்பட்டவனுக்கு வடை உண்டா இல்லையா என்பதையும் எங்கும் போடவில்லை. என்ன ஐயா, முன்வரிசையில்? உண்டு என்கிறீர்களா? தெம்பாகப் பேசுகிறேன்.

அந்த நாவலை நான் பொள்ளாச்சியில் வாங்கினேன். ரஷ்யப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வரும். தலையணைக்குத் தலையணையாகவும் ஆகும், படிக்கவும் ஆகும் என்று வாங்கியது. கல்லூரி விடுதியில் அட்டை போனது, முதல் நாலு பக்கம் போனது, தலைப்பும் போனது. அமெரிக்கா புறப்பட்டபோது பெட்டியில் எடை கூடிவிட்டது என்று நார்த்தங்காய் ஊறுகாயை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் புத்தகத்தை உள்ளே வைத்தேன். பதினோரு வருடம் ஆகிறது. வசந்தாமணி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

நாயகன் பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் என் பதினைந்து நிமிடம் போய்விடும். தகப்பன் பெயரால் படும் பாடு எனக்கும் உண்டு. ஆபீசில் எல்லோரும் ‘மிஸ்டர் கருப்பசாமி’ என்று என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போய் நிற்கிறேன். ஆகவே அவனைக் கோசாக் என்றே அழைப்போம்.

யார் இந்தக் கோசாக்? ரஷ்யாவின் டான் நதிக்கரையில் பிறந்தவன். குதிரை மேலேயே வளர்ந்தவன். போரில் தீரன், வீட்டில் முரடன், காதலில் அடுத்த வீட்டு வேலியைத் தாண்டியவன். வசந்தாமணி, முறைக்காதே, கதையைத்தான் சொல்கிறேன். குதிரை ஏறுவது எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்தது. டெக்சாஸில் இருந்துகொண்டு குதிரை ஏறாமல் போகலாமா? ஆபீஸ்காரர்கள் ஒரு ராஞ்சுக்கு, அதாவது குதிரைப் பண்ணைக்கு, அழைத்துப் போனார்கள். ஏறினேன். என் குதிரை பதினைந்து அடி நடந்தது, புல்லைப் பார்த்தது, நின்றது. மற்றவர்கள் ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வந்து சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அது மேய்ந்தது, நான் மேலே உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் கோசாக்கின் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

சரி, அவன் செய்த குற்றம் என்ன? அணி மாறினான். புரட்சிக்காரர்களின் சிவப்புப் படையில் நின்றான், புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படைக்குப் போனான், திரும்பவும் வந்தான், திரும்பவும் போனான். பச்சோந்தி என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். நான் மூடவில்லை. ஆதாயத்துக்காக அணி மாறுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? மாறுவார்கள், மந்திரியாவார்கள். இவன் மாறினான், என்ன ஆனான்? ஒவ்வொரு முறை மாறியபோதும் ஒன்றை இழந்தான். உறவை இழந்தான், ஊரை இழந்தான், உயிருக்கு உயிரானவளை இழந்தான். இழப்பதற்காக எவனாவது கட்சி மாறுவானா? கொடியைப் பார்த்து நிற்க வேண்டிய இடத்தில் முகத்தைப் பார்த்தான். கைதியைக் கட்டிப் போட்டு அடிக்கிறார்களே என்று அங்கிருந்து இங்கே வந்தான். இங்கேயும் அதையே செய்கிறார்களே என்று அங்கே போனான். இரண்டு படைகளும் அவனைத் துரோகி என்றன. அவன் ஒன்றும் தங்கமான மனிதன் இல்லை. கோபக்காரன், தாலி கட்டியவளுக்குத் துரோகம் செய்தவன், கை நிறைய இரத்தம் உள்ளவன். அதனால்தான் அவனைப் படிக்கும்போது எனக்கு என் முகம் தெரிந்தது.

இனி நம் போருக்கு வருகிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், சென்ற ஆண்டு நடந்தது இது. பொங்கல் புதன்கிழமையில் வந்தது. புதன்கிழமை லீவு போட்டுப் பொங்க வைக்க நாம் என்ன ஊரிலா இருக்கிறோம்? சனிக்கிழமைக்குத் தள்ளினோம். நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த உணவுக்கூடம் பிப்ரவரி இருபத்தொன்றுதான் காலி என்றார்கள். இடம் கிடைக்கும்போதுதான் பொங்கல் என்றார் நம் தலைவர். தைத்திருநாளை மாசியில் கொண்டாடுவதா, மானம் போகிறது என்று கொதித்தார் அன்றைய துணைத் தலைவர் நெடுஞ்செழியன். கொதித்தவர் இருபத்திரண்டு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக் கராஜில் தையிலேயே பொங்க வைத்தார். அன்று பிறந்தது கராஜ் மன்றம்.

இந்த வட்டாரத்தில் மைக் செட் வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தானே? தையில் கராஜில் கட்டினேன், மாசியில் இங்கே கட்டினேன். இரண்டு இடத்திலும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தினேன், இரண்டு இடத்திலும் சாப்பிட்டேன். ஒத்துக்கொள்கிறேன், முந்திரி அவர்கள் பொங்கலில் அதிகம். அதற்குப் பிறகுதான் நீங்கள் விதி பதினொன்றை நிறைவேற்றினீர்கள். ‘எதிர் மன்றத்தாருக்கு எந்தச் சேவை செய்தாலும் உறுப்பினர் நீக்கப்படுவார்.’ கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஜனவரியில் இளமாறன் போன் செய்தான். கராஜ் மன்றத்துப் பையன், கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாவது ஆண்டுக்குத் தயார் செய்யும் ஒய்டூகே வேலையில் முழி பிதுங்கிக்கொண்டிருப்பவன். அவன் மனைவி வான்மதிக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெற்றவளின் அம்மா ஊரிலிருந்து வர முடியாவிட்டால், மன்றத்துக் குடும்பங்கள் முறை வைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்போம். மன்றம் உடைந்தது, அந்தப் பட்டியலும் உடைந்தது. பத்தியம் சமைக்கத் தெரிந்த கை அத்தனையும் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“அண்ணா, அத்தைக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு. மதி சரியாவே சாப்பிடல. பால் பத்தலன்னு அழறா. நான் வைக்கிற ரசத்தைப் பாத்தா இன்னும் அழறா. யாரையாச்சும் அரேஞ்ச் பண்ண முடியுமாண்ணா?”

நான் என்ன செய்யட்டும்? விதி பதினொன்றை வாசித்துக் காட்டட்டுமா? நம் மன்றத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். யார் வீடு என்பது இப்போது வேண்டாம். அந்த வீட்டு அம்மா எந்த மன்றம் என்று கேட்கவில்லை. தன் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது என்றார். மறுநாளிலிருந்து இருபத்தொரு நாள் நான் சாப்பாட்டுத் தூதன். ஆபீஸ் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போவேன். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரைப் பொரியல் என்று டப்பா டப்பாவாக வாங்கி, வேனில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே இடுக்கி வைத்து, எட்டு மைல் தள்ளியிருக்கும் வான்மதி வீட்டில் இறக்குவேன். சமைத்தது யார் என்று அவள் கேட்டாள். வசந்தாமணி என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? வசந்தாமணி சமையலைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? பொறு வசந்தா, உண்மையைப் பேசும் இடம் இது.

குட்டு உடைந்த கதையும் உங்களுக்குத் தெரியும். தமிழ் வகுப்பு ஆண்டு விழாவில் தலைவர் மைக் அருகே குனிந்தார், நிமிர்ந்தார், மைக்கில் ஏன் பூண்டு வாசனை வருகிறது என்று என்னைக் கேட்டார். பூண்டு விளைகிற கலிபோர்னியாவில் வாங்கிய மைக் என்று சொல்லிச் சமாளித்தேன். சித்திரையில் கராஜ் மன்றம் மலர் வெளியிட்டது. அதில் அரைப் பக்கத்துக்கு ‘அன்னபூரணி வசந்தாமணிக்கு நன்றி’. அதோடு நின்றதா? விழாவுக்கு வாருங்கள், பொன்னாடை போர்த்துகிறோம் என்று கூப்பிட்டார்கள். வசந்தாமணி வர மறுத்துவிட்டாள். நான் போனேன். அவள் சார்பில் நானே போர்த்திக்கொண்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுப்புப் பக்கமே போகாதவன். உண்மையாக வெந்தவர் பெயரை மறைத்துவிட்டு அந்தப் புகழை நான் தின்றேன். தின்றபோது ருசியாகவும் இருந்தது. கோசாக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிற எனக்கு அவனுடைய நேர்மையில் கால்வாசி கூட இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. இந்த மேடையில் வெட்கப்பட்டுச் சொல்கிறேன்.

மலர் தலைவர் கைக்குக் கிடைத்தது, வாக்கெடுப்பு வந்தது. வசந்தாமணி சமைத்தாள் என்பதை மட்டும் இங்கே ஒருவரும் நம்பவில்லை. சமைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டால் உன் தண்டனையைக் குறைக்கிறோம் என்று செயற்குழு கேட்டது. சொல்ல மாட்டேன். சொன்னால் அவரையும் நீக்க வேண்டும், அதுதான் விதி. என்னை மட்டும் நீக்குங்கள். இந்த மன்றம் இல்லாவிட்டால் எனக்குச் சனிக்கிழமை இல்லை. தமிழில் சண்டை போட ஆள் இல்லை. பதினோரு வருடமாக எனக்கு இந்த ஊர் என்றால் இந்த மன்றம்தான். அது போனால் தாங்க மாட்டேன். இருந்தாலும் சொல்ல மாட்டேன். மணி நாலேகால் ஆகிறது. தலைவர் அவர்களே, நீங்கள் தாராளமாக...

யார் அங்கே எழுந்திருப்பது? தங்கச்சி, உட்காருங்கள். வேண்டாம் என்றுதானே பேசிக்கொண்டிருக்கிறேன்? மைக் வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள்.

அவையோரே, கமருன்னிசா சொன்னது கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, திருப்பிச் சொல்கிறேன். “சமைச்சது நான்தாண்ணே. எனக்காக நீங்க வெளிய போக வேணாம்.” இவ்வளவுதான் சொன்னார். நம் பொருளாளரின் துணைவியார்.

பொருளாளரும் எழுந்துவிட்டார். என்ன ரஹீம்? கேட்டீர்களா, சுறா முழுக்கத் தானே வாங்கி வந்ததாம். இருபத்தொரு நாளில் ஒன்பது சுறா. வீட்டில் யாருக்கு இத்தனை சுறா என்று ஒருநாளும் கேட்கவில்லையாம். கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லையாம்.

அக்கா, நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? தலைவரின் துணைவியார் மயிலாத்தாள் அக்கா பேசுகிறார். “கீரை எங்க வீட்டு மரத்துல பறிச்சதுங்க. இவரு ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் தெனமும் ரெண்டு கொத்து ஒடிச்சுக் குடுத்து உட்டேன்.” தலைவர் ஐயா, உங்கள் முருங்கை மரம் மொட்டையாக நின்றது நீங்கள் நினைத்ததுபோல் பனியால் அல்ல. தண்ணீர் குடியுங்கள். விதியின்படி பொருளாளரை நீக்க வேண்டும், அவர் மனைவியை நீக்க வேண்டும், உங்கள் வீட்டு அம்மாவையும் நீக்க வேண்டும். வீட்டில் யார் நீக்கப்படுவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைவர் ஏதோ கேட்கிறார். அமைதி, அமைதி. கமருன்னிசாவைத்தான் கேட்கிறார். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார்.

மெதுவாகச் சொல்லுங்கள் தங்கச்சி.

“தெரியல டாக்டர். நான் இன்னும் பிள்ளையைப் பாக்கல. டப்பாதான் போச்சு, டப்பாதான் வந்துச்சு.”

ஐந்து மாதம் ஆகிறது, பெரியோர்களே. அந்தக் குழந்தை குப்புற விழுந்துவிட்டது, தலை நிமிர்த்திச் சிரிக்கிறது. அது குடித்த பால் இந்தக் கையால் வந்தது. இந்தக் கை அதை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. எட்டு மைல்தான். பெயரை மறைத்தவன் நான், விதியை எழுதியது நாம் எல்லோரும். கோசாக்கின் முன்னால் இரண்டு படைகள் துப்பாக்கியோடு நின்றன. நம் முன்னால் என்ன நின்றது? ஒரு தேதி நின்றது. ஒரு சனிக்கிழமைக்காக ஒரு பச்சைப் பிள்ளையை எதிரிப் பட்டியலில் எழுதி வைத்தோமே, இந்த வெட்கத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

இலக்கிய உரை முடிந்தது. வாக்கெடுப்பை நீங்கள் நடத்துங்கள். நான் கமருன்னிசாவை அழைத்துக்கொண்டு இப்போதே வான்மதி வீட்டுக்குப் போகிறேன். ஒலிபெருக்கி இரண்டும் இங்கே இருப்பதால் வேனில் ஏழு இருக்கைகள். மயிலாத்தாள் அக்கா ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டார்.

தலைவர் எழுந்து நிற்கிறார். சாவியைத் தேடுகிறார். என்ன ஐயா? மைக்கிலேயே சொல்லுங்கள்.

“என் கார்ல நாலு பேர் வரலாம்.”

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், என் பொய்யை ஐந்து மாதம் சுமந்த வசந்தாமணிக்கும், சமைத்த கைக்கும் என் நன்றி. வண்டி ஏறப் போகிற எல்லோருக்கும் வணக்கம். மெதுவாக ஓட்டுங்கள், குழந்தை தூங்கும் நேரம், வாசலில் யாரும் ஹார்ன் அடிக்க வேண்டாம்.