வெள்ளைப் பெட்டி

– நான் வண்டியிலயே இருந்துக்கறேனே, பாப்பா.

– பெட்டிய யாரு தூக்கிட்டு வர்றது? வாங்கப்பா. உள்ள வந்து வாய மட்டும் திறக்காதீங்க, ப்ளீஸ்.

– நான் வந்தா நல்லா இருக்காதும்மா.

– அத பெட்டி வாங்கறப்ப யோசிச்சிருக்கணும். அஞ்சு அடுக்கு அட்டைதான் வேணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லியா?

– சொன்ன.

– அப்புறம் எதுக்கு மூணு அடுக்கு வாங்கினீங்க?

– அது வெள்ளைப் பெட்டிம்மா. உம்பேர அச்சடிச்சா பளிச்சுனு தெரிஞ்சுது. அந்தப் பழுப்பு அட்டையில அழுது வடிஞ்சுது.

– பேரு பளிச்சுனுதான் இருந்துச்சு, உள்ள எல்லாம் தூள் தூளாப் போச்சு. பெட்டியும் பெருசு, நடுவுல தடுப்பும் இல்ல. பீங்கான் கோப்பை ஒண்ணோட ஒண்ணு முட்டாம என்ன பண்ணும்? இந்த ஓட்டல் திறந்த அன்னிக்கே வந்தவங்களுக்கெல்லாம் பேப்பர் கப்புல காபி குடுத்திருக்காங்க. வெக்கமா இருக்குப்பா எனக்கு.

– தப்புதான், பாப்பா. என்ன சொல்லணுமோ சொல்லு.

– அப்புறம் பேசிக்கலாம். மேனேஜர் கூப்பிடறாரு. சட்டைய இழுத்து விடுங்க.

– வாங்க மேடம், உக்காருங்க. ஐயா, நீங்களும் உக்காருங்க.

– பரவால்லீங்க, நிக்கறேன்.

– சார், முதல்ல மன்னிப்பு கேட்டுக்கறேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுன்னே தெரியல.

– எங்க முதலாளி எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்ட கேள்விய நான் வீட்டுல கூட சொல்லல, மேடம். சரி, அத விடுங்க. புதுப் பெட்டி கொண்டு வந்தீங்களா?

– இதோ சார். அஞ்சு அடுக்கு. ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியா அட்டைத் தடுப்பு. அளவும் கச்சிதம், உள்ள ஆடவே ஆடாது. அமுக்கிப் பாருங்க.

– ம். கல்லு மாதிரி இருக்கு. இப்படி ஒண்ணு கிடைக்கறப்ப அன்னிக்கு அந்த நோஞ்சான் பெட்டிய யாரு எடுத்தது?

– அது... பேக்கிங் ஆளு சார்.

– பேக்கிங் ஆளா?

– ஆமா சார். இவருதான். வயசாயிடுச்சு, சொன்னா மண்டையில ஏறமாட்டேங்குது. மத்தபடி நாங்க முறையா கம்பெனியாத்தான் நடத்தறோம் சார். வீட்டு ஆளுங்கள வெச்சு ஒப்பேத்தறதெல்லாம் கிடையாது.

– ஐயா, அப்படியா?

– ஆமாங்க. பேக்கிங் நாந்தாங்க.

– இவங்ககிட்ட எவ்வளவு நாளா இருக்கீங்க?

– ரொம்ப வருஷமாவே இருக்கேங்க. மேடம் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அவங்க சரியாத்தான் சொன்னாங்க.

– மறுபடி இப்படி ஆச்சுன்னா என்ன மேடம் பண்ணுவீங்க?

– ஆகாது சார். இவர இன்னியோட நிறுத்திடறேன்.

– நீங்க என்னய்யா சொல்றீங்க?

– மேடம் சொன்னா சரிதாங்க. நான்... நான் வண்டிகிட்ட நிக்கறேன். கதவ சாத்திட்டுப் போறேங்க.

– சார், இனிமே எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன். இன்னொரு ஆர்டர் மட்டும் குடுத்துப் பாருங்க, ப்ளீஸ்.

– ஆர்டர் உங்களுக்குத்தான்னு நேத்தே முடிவாயிடுச்சு, மேடம். பெட்டிய மட்டும் பாத்துடலாம்னுதான் உங்கள வரச் சொன்னேன்.

– நேத்தா? எப்படி சார்?

– நேத்து அவரு தனியா வந்திருந்தாரு. ஸ்டோர் ரூம்ல அந்த உடைசலுக்கு நடுவுல உக்காந்து, ஒரு கோப்பையாவது தப்பிச்சிருக்கான்னு தேடினாரு. கையெல்லாம் கீறல். 'எல்லாம் என் தப்பு, அந்தப் புள்ளைய கைவிட்டுடாதீங்க'ன்னு அழுதாரு.

– சார்...

– நீங்க யாருய்யான்னு கேட்டேன். அதுவரைக்கும் தலைய தொங்கப் போட்டுக்கிட்டு இருந்த மனுஷன், 'நான் அவளோட அப்பா'ன்னு சொல்றப்ப மட்டும் அப்படி நிமிர்ந்து நின்னாரு, மேடம்.