புகையே வரலையாம்

ஹலோ... ஹலோ, தம்பியா? சத்தமா பேசுடா, இங்க ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திட்டு இருக்காங்க... இல்லடா, நாங்க இல்ல! உங்க மாமா என்னைக்கு வாயத் தொறந்திருக்காரு? பக்கத்து வீடு. தராசு சாரும் நர்ஸக்காவும்... ஆமா, ஆமா, கடை கடையாப் போயி தராசுக்கு முத்திரை குத்திட்டு இருந்தாரே, ரிட்டயர் ஆனாரே, அவரேதான்.

எதுக்கா? அந்த டீசல் கார்தான். இருபத்தேழு வருஷத்துக் காரு... நீ ஒர்க்‌ஷாப்லதான இருக்க? நல்லதாப் போச்சு. ஃபோன்லயே வைத்தியம் சொல்லு. நர்ஸக்காதான் உன்னக் கூப்பிடச் சொன்னாங்க... நானா வலியப் போகலடா! துணி காயப் போட வந்தேன்... சரி, ஏற்கெனவே காஞ்ச துணிதான், அதுக்கென்ன இப்ப?

கேளு. மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். ரெண்டு பேரும் மக வீட்டுக்கே குடி போறதா முடிவு. அங்க இன்னொரு கார் நிறுத்த எடமில்ல. சாரு, "வண்டி வித்த மறுநாளே வர்றேன்"னு வாக்குக் குடுத்துட்டாரு... ஆமா, கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா வாங்க ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூணு பேர் வந்து திரும்பிட்டாங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஸ்டூடியோக்காரர் வர்றாரு, நாலாவது ஆளு. இன்னைக்கும் கெளம்பலன்னா, "நீங்க காரோடவே குடும்பம் நடத்துங்க, நான் நாளைக்குத் தனியா பஸ் ஏறுறேன்"ங்கறாங்க அக்கா... சும்மா மிரட்டல் இல்லடா. பெட்டி கட்டி வாசப்படில வச்சாச்சு.

நேத்தா? நேத்து சாயங்காலம் ஜம்முனு ஓடுச்சு. நான் பாத்தேனே... கண்ணு எதுக்கு இருக்கு, பாக்கத்தான! இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு சாரு பானட்டத் தொறந்து, ஆயில் பாக்கறேன்னு ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னாரு. அதையும் பாத்தேன்.

சரி, சரி, கேக்கறேன். என்னங்க! காரத் தடவினது போதும், உள்ள உக்காந்து சாவியத் திருப்புங்க!... உங்க மாமாதான்டா. கேஸ் அடுப்பு பத்த வைக்கத் தெரியாது, டிரைவர் சீட்ல உக்காந்ததும் மொகத்தப் பாக்கணுமே...

கரகரன்னு நல்லா சுத்துது. அப்ப பேட்டரி சரி... ம்... சுருள் மாதிரி மஞ்ச லைட் வந்து அணையுதான்னு கேக்கறான்ங்க!... அணையுதாம். ஹீட்டரும் சரி... பின்னாடி புகையா? இரு, நானே எட்டிப் பாக்கறேன். இன்னொரு வாட்டி சுத்துங்க!... புகையே வரலடா. வெள்ளையும் இல்ல, கருப்பும் இல்ல... ஓ. டீசலே உள்ள போகலன்னு அர்த்தமா?

சார், சித்த சும்மா இருங்க சார்!... "இன்ஜினே போச்சு, தொடாத"ன்னு குதிக்கறாருடா. அக்கா காதுலயே போட்டுக்கல, பானட்டுக்குள்ள தலைய விட்டுட்டாங்க.

ம், சொல்லு... அக்கா, ஃபில்டர் மேல ஒரு குமிழ் இருக்காம், அதக் கையால அமுக்குங்க!... முதல்ல கொழகொழன்னு இருந்துச்சாம், இப்ப கல்லு மாதிரி ஆயிடுச்சாம்... நல்லதா? பம்ப் வரைக்கும் டீசல் வந்துடுச்சா? அப்புறம் ஏன் உள்ள போகல?... ம்... ம்... சாவியப் போட்டதும் பம்ப்கிட்ட "டிக்"னு ஒரு சத்தம் கேக்கணுமா? அக்கா, காத வச்சுக் கேளுங்க! என்னங்க, சாவி!... இல்லடா. ஒரு சத்தமும் இல்லையாம்.

ஒயரா? ஒத்த ஒயர், சின்ன நட்டு போட்டு முறுக்கியிருக்கும்... அதுக்குக் கரண்ட் போனாத்தான் டீசலுக்கு வழி தெறக்குமா? சரி, சரி... அக்கா, பம்ப் மேல ஒத்த ஒயர்!... தேடறாங்கடா. முப்பத்தஞ்சு வருஷம் பச்சப்புள்ளைங்க கையில நரம்பு தேடின வெரலு, ஒயர விட்டுடுமா... கெடச்சிருச்சு! கழண்டிருக்காம். நட்டக் காணோம். ஒயர மடிச்சு ஹோஸுக்குப் பின்னாடி சொருகியிருக்காம்...

என்ன சொல்ற?... ம். ஆட்டத்துல கழண்டா ஒயர் தொங்கும்... தானா மடிஞ்சு சொருகிக்காது... ஆமால்ல?

தம்பி, மெதுவா பேசு. இங்க சத்தமே நின்னு போச்சு... அக்கா சார் முன்னாடி உள்ளங்கைய நீட்டிட்டு நிக்கறாங்க. மாத்திரை குடுக்கற மாதிரி... சாரு ஆகாசத்தப் பாக்கறாரு... சட்டைப்பைல கைய விடறாரு... அய்யோ, நட்டுடா! கண்ணாடி தொடைக்கற துணியில பத்திரமா சுத்தி வச்சிருக்காரு! தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டினவனையெல்லாம் கோர்ட்டுக்கு இழுத்த மனுசன்டா!

சிரிக்காத, இரு. என்னமோ சொல்றாரு... "அங்க வந்து நான் என்னத்தப் பண்ணுவேன்? மாப்ள காரு கரண்ட்ல ஓடுது. பானட்டத் தொறந்தா உள்ள பெட்டி வைக்கத்தான் எடமிருக்கு"ங்கறாரு... ம். பாவமாத்தான் இருக்கு... கொஞ்சம்.

அக்கா நட்டப் போட்டு முறுக்கிட்டாங்க. என்னங்க, ஸ்டார்ட்!... கேக்குதா? கேக்குதாடா? ஆமா, அதே சத்தம்! புகை பாரு, குபுகுபுன்னு... அய்யய்யோ, என் வெள்ளப் பெட்ஷீட்டு!

ஸ்டூடியோக்காரரா? இப்பத்தான் கேட்டத் தொறந்தாரு, இருமிட்டே மூடிட்டுப் போயிட்டாரு... ஆமா, வண்டி ஓடுது, வாங்கத்தான் ஆளில்ல... இரு. யாரோ வெல கேக்கற மாதிரி இருக்கு... தம்பி, உங்க மாமா இன்னும் சீட்ட விட்டு எறங்கல. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு சார்கிட்ட... என்னங்க! ஏங்க! எறங்குங்க முதல்ல! வை, வை, அப்புறம் பேசறேன்!

ஆறு மாதம் கழித்து, அதே எண்ணுக்கு:

ஹலோ, தம்பி... ஆமாடா, இன்னும் வீட்லதான் இருக்கோம்... அவங்களா? நல்லாருக்காங்க, பேத்தி பொறந்தாச்சு. சாரு தெனம் ஃபோன் பண்றாரு. எங்கள விசாரிக்க இல்ல, எங்க தலைல கட்டிட்டுப் போன கார விசாரிக்க. அந்தத் தெருவுல ஒரு பழைய டீசல் வேனக் கண்டுபுடிச்சிட்டாராம், பேத்தியத் தூக்கிட்டு தெனம் அங்கதான் நிக்கறாராம். அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க.

அதில்லடா, இன்னைக்கு உன் வீட்டுக்கு வர முடியாது போலருக்கு. உங்க மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகலங்கறாரு... நேத்து நல்லாத்தான் ஓடுச்சு... இந்த வண்டிய வாங்க நீ அங்க ஆள் பாத்து வச்சிருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்னா கேக்கற? நான் யார்கிட்டயும் மூச்சு விடலயே... சரி, மாடி வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொன்னேன். அவ அவ புருசன்கிட்ட மட்டும் சொல்லியிருப்பா.

புகையா? இல்ல. புகையே வரல... சட்டைப்பைய நீ சொல்லித்தான் நான் பாக்கணுமா? விடிஞ்சதுமே பாத்துட்டேன், காலி... ம்... மூக்குக்கண்ணாடிக் கூடா? அது மேஜை மேலதான இருக்கு, இரு, தொறக்கறேன்...

தம்பி, மத்தியானத்துக்கு எங்க ரெண்டு பேருக்கும் சேத்தே சமைக்கச் சொல்லு. வச்சிடறேன்... என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க!