அச்சடிச்ச தாள் மாசம்

அந்தச் சேர் வேண்டாம் சார், அதுல பசை காயுது. இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. அந்தக் கட்டைத் தூக்கிக் கீழ வெச்சுட்டு உக்காருங்க. பரவால்ல, வெல்வெட் தாள்தான், பன்னெண்டு வருஷமா அங்கயே கெடக்கு, கோவிச்சுக்காது.

பத்திரந்தானே? தெரியும் சார். அண்ணன் காலையிலயே போன் பண்ணிட்டாரு. வக்கீல் ஆபீஸ்லேர்ந்து குமாஸ்தா வருவாரு, மறக்காம கொடுத்தனுப்புன்னு. இந்த வீட்டுல எனக்குள்ள பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தாச்சுன்னு ஆறு பக்கம். ஆறுலயும் கையெழுத்துப் போட்டேன். அதுல ஒண்ணும் குறையில்ல. பத்திரம் இப்ப ஒரே இடத்துல இல்ல, அவ்வளவுதான். டீ போடவா?

இல்ல, தொலையல. தொலைஞ்சிருந்தா தேடலாமே. இது வேற கதை. எங்க கூட்டத்தைப் பத்தி முதல்ல சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

நாங்க ஏழு பேர். வாழ்த்து அட்டை செய்யறவங்க. செய்யறவங்கன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நெஜத்துல வாங்கறவங்க. பூப்போட்ட தாள், ஜிகினாத் தாள், ஓரத்தை வளைச்சு வெட்டற கத்திரி, முத்து, ரிப்பன். வாங்கறப்ப இருக்கற வேகம் செய்யறப்ப இருக்காது. பல் டாக்டரம்மா வீட்டுல கட்டிலுக்கடியில மட்டும் நாலு பெட்டி. நம்ம கட்டில் என்ன வருஷா வருஷம் வளருதுன்னு வீட்டுக்காரர் கேட்டாராம். அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிமே ஒருத்தரும் புதுசா ஒரு தாள் வாங்கக் கூடாது. மாசம் ஒரு போட்டி வெச்சு இருக்கற பழசைத் தீர்க்கணும்.

எப்படின்னா, ஒவ்வொரு மாசமும் ஒருத்தர் வீடு. அந்த வீட்டுக்காரங்க தன் பெட்டியிலேர்ந்து எடுத்து மத்த ஆறு பேருக்கும் ஆறு கவர் போட்டு ஒட்டி வெக்கணும். பிரிச்சா உள்ள என்ன இருக்கோ, ஒரு மணி நேரத்துல அத்தனையும் அட்டையாகணும். மிச்சம் வெக்கக் கூடாது. இதை ஏன் போட்டேன்னு கேக்கக் கூடாது. முக்கியமா, கொடுத்தவங்க திருப்பிக் கேக்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டாந்தது டீச்சர். தையல்காரம்மா ஒரு தடவை ஒரு நீலத் தாளைக் கொடுத்துட்டு, திருப்பிக் கேட்டு வாங்கினவங்க பின்னாடியே பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டாங்க, அதான்.

ஆமா சார், எல்லாரும் அம்பது தாண்டினவங்கதான். ஏன், பாத்தா தெரியலையா?

போன மாசம் என் முறை. மாசத்துக்கு ஒரு தலைப்பு உண்டு, அது அச்சடிச்ச தாள் மாசம். பழைய அகராதி, அட்டை போன நாவல், காலண்டர். எழுத்துள்ள தாளை வெட்டிப் பூவோ இலையோ பண்ணினா அவ்வளவு அழகா இருக்கும். எல்லாத்தையும் இந்த மேசையில பரப்பியிருந்தேன். பத்திரமும் இதே மேசையிலதான். சாட்சிக் கையெழுத்துக்காக அண்ணன் விட்டுட்டுப் போயிருந்தாரு. உன் கூட்டத்துலயே ரெண்டு பேரைப் போடச் சொல்லு, கத்திரி பிடிக்கற கைக்குப் பேனா பிடிக்க வராதான்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அண்ணன் சிரிச்சா நானும் சிரிப்பேன், சின்ன வயசுலேர்ந்து அப்படியே பழகிடுச்சு.

அவரு கெட்டவர்னு சொல்ல வரல. அம்மா படுக்கையில இருந்த ஏழு வருஷமும் வாரம் தவறாம போன் பண்ணுவாரு. வீட்டை வித்ததும் என்னை அவர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு. மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூம். கட்டில் போட எடமிருக்கு, மேசைக்கு இல்ல. அண்ணி டேப் வெச்சு அளந்தே பாத்துட்டாங்க.

ஆமா சார், கலந்துடுச்சு. அன்னிக்குக் காத்து வேற. என் கண்ணாடியில ஒரு காது உடைஞ்சிருந்துச்சு. அப்படித்தான் எழுதிக்கோங்களேன்.

முதல் பக்கம் டீச்சருக்குப் போச்சு. பட்டாம்பூச்சி பண்ணி, முட்டி ஆபரேஷன் பண்ணின நாத்தனாருக்கு அனுப்பிட்டாங்க. கிழக்கே பொதுச்சுவர், மேற்கே தெருன்னு நாலு எல்லையும் இருந்த பக்கம் பல் டாக்டரம்மாவுக்கு. அவங்க மட்டும் கொஞ்சம் படிச்சாங்க. மூக்குக்கண்ணாடியை எறக்கி என்னைப் பாத்தாங்க. நான் ரிப்பன் வெட்டிக்கிட்டிருந்தேன். சரி, விதி விதிதான்னுட்டு கத்திரியை எடுத்தாங்க. வீட்டோட நாலு எல்லையும் இப்ப ஒரு ரோஜாப்பூ. அவங்க க்ளினிக்ல தொங்குது. பல்வலி கில்வலி இருந்தா அப்படியே காட்டிட்டு வந்துடுங்க.

மூணாவதும் அஞ்சாவதும் எங்கெங்கயோ ஊருக்குப் போயிடுச்சு. நாலாவது பக்கத்துல பேங்க்காரி ஒரு பொறந்தநாள் அட்டை பண்ணினா. நான் கேக்கல, அவளாவே எனக்குக் கொடுத்துட்டா. அண்ணனுக்குப் போன வாரம் பொறந்தநாள், அவருக்கே அனுப்பிட்டேன். சூரியகாந்திப்பூ, அதுக்கு ஒரு நீள இலை. இலையில முழுசா இருக்கும் பாருங்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதுடன்னு. அண்ணன் ஒண்ணும் சொல்லலையா? சொல்லமாட்டாரு. நான் அனுப்பினதை அவரு எப்பவும் பிரிச்சுப் பாத்துட்டு மூடிடுவாரு, படிக்கமாட்டாரு.

கடைசிப் பக்கமா? உங்களுக்குப் பின்னாடி அலமாரியில பாருங்க. தையல்காரம்மா பண்ணின வீடு, அதுக்குத்தான் முதல் பரிசு. கதவு தொறக்கும், மெதுவா. அந்தக் கதவுமேல ஓடுதே நீல மசி, அது என் கையெழுத்துதான். இல்ல சார், எடுத்துட்டுப் போக முடியாது. பரிசு வாங்கினது போட்டி நடந்த வீட்டுலயே இருக்கணும், வெளிய கொடுக்கறதில்ல.

திருப்பி வாங்கறதா? எங்கிட்ட கேக்கறீங்களே, திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன். நான் ஒருத்தி கேட்டா, அப்புறம் தையல்காரம்மா நீலத் தாளைக் கேப்பாங்க. கூட்டமே கலைஞ்சுடும்.

என்ன யோசிக்கறீங்க? கேளுங்க, பரவால்ல.

ம். நல்ல கேள்வி சார். அண்ணனா இருந்தா இதைக் கேட்டிருக்கமாட்டாரு. காத்துல கலந்திருந்தா ஆறு பக்கமும் ஒரே கவர்ல விழுந்திருக்கும், இல்ல ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல நாலுன்னு விழுந்திருக்கும். அதெப்படி கவருக்கு ஒரு பக்கம்னு கணக்கா போச்சு?

ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் கொறைய கொடுக்கற வழக்கம் எனக்கில்ல சார். பத்திரத்துல குத்தியிருந்த பின்னை எடுத்துட்டு ஒவ்வொண்ணா போட்டேன். கண்ணாடியோட காதை முந்தின நாளே நூல் வெச்சுக் கட்டிட்டேன். அண்ணன்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது, அம்பத்தெட்டு வயசாச்சு, இனிமேயா வரப்போகுது. கை வந்துச்சு.

புதுசா அடிச்சுக் கொண்டாந்தா கையெழுத்துப் போடுவேனான்னா? தாராளமா போடறேன். கொண்டாங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள கொண்டாந்தா நல்லது, அடுத்த போட்டியும் இங்கதான், டீச்சர் வீட்டுல வெள்ளையடிக்கறாங்க. வக்கீல் சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. தாள் போன தடவை மாதிரியே கெட்டியா இருக்கட்டும். லேசா இருந்தா பசை வெளிய தெரியுது.

டீ ஆறுது பாருங்க.