பன்னிரண்டு பிரதிகளும் ஒரு கடிகாரமும்

அவையை ஆளும் தலைவராக வீற்றிருக்கும், படத்தொகுப்பு மேசையில் பல்லாயிரம் காட்சிகளை வெட்டியும் ஒருவர் மனத்தையும் வெட்டாத எங்கள் அம்மையார் அவர்களே! விருது கொடுத்து என்னை இங்கே நிற்க வைத்து அழகு பார்க்கும் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்து நிர்வாகிகளே! எழுதி எழுதி விரல் தேய்ந்தும் எழுத்தாசை தேயாத மூத்தோர்களே! பெற்ற பிள்ளை "சினிமாவுக்குக் கதை எழுதப் போறேன்" என்று சொன்ன நாளில் மயங்கி விழாமல் நின்ற தாய்மார்களே! மயங்கி விழுந்து எழுந்த தந்தைமார்களே! கதவோரக் கடைசி வரிசையில், மடியில் கதைக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் என் சொந்த இனமே! உங்கள் எல்லோருக்கும் என் முதல் படத்தின் முதல் வணக்கம்!

எனக்குப் பத்தே நிமிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தாளர் கையில் பத்து நிமிடம் என்றால் அது எத்தனை நிமிடம் என்று என் குடும்பத்துக்குத் தெரியும். அதனால் முன்வரிசையில் என் நாத்தனார் மடியில் ஓர் அலாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், படத்தில் நீங்கள் பார்த்த அதே கடிகாரம்தான்! பத்தாவது நிமிடத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்திருக்கிறாள். அது அடித்தால் நான் நிறுத்தியே ஆக வேண்டும். என்ன அங்கே சிரிப்பு? உங்கள் வீட்டு நாத்தனாரை நினைத்துக்கொண்டீர்களா? அம்மா, என் நாத்தனாரைப் பற்றிக் கேட்டபிறகு சிரியுங்கள்.

நான் யார்? நகல் எடுத்து நூல்கட்டும் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். படக் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் தெருவில் எங்கள் கடை. ஊரார் கதைகளுக்கெல்லாம் துளை போட்டேன், சுருள் கம்பி கோத்தேன், அட்டை ஒட்டினேன். காதல் கதை போகும், கொலைக் கதை போகும், பேய்க் கதை போகும். என் கதை மட்டும் போகாது! போனாலும் திரும்பி வரும். திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை, பல கதைகள் போன இடம் தெரியவில்லை. எட்டு வருடத்தில் ஆறு திரைக்கதை எழுதினேன்.

கம்பெனிக் கதவைத் தட்டினால் என்ன சொல்வார்கள்? "நேரா வாங்கறது இல்லைம்மா, ஏஜென்ட் மூலமா அனுப்புங்க." ஏஜென்டிடம் போனால் என்ன சொல்வார்? "ஒரு படம் வரட்டும், அப்புறம் வாங்க." படம் வர ஏஜென்ட் வேண்டும், ஏஜென்ட் வரப் படம் வேண்டும்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்றார்களே, அந்தக் கதைதான். கைதட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தப் படிக்கட்டு ஏறி இறங்கியவர்கள் என்று தெரிகிறது.

ஆறாவது கதைதான் லிஃப்ட் கதை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க முதல்ல கோபப்படுவாங்க, அப்புறம் பயப்படுவாங்க, அப்புறம் வீட்டுக் கதை பேச ஆரம்பிச்சுடுவாங்க." அந்த ஒரு வரி எனக்குப் போதும்! ஒன்பது வருடம் முகம் பார்க்காத அக்காவும் தங்கையும் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் யார் பேசுவது? அதுதான் கதை. எழுதி முடித்த அன்றே நான் ஒரு முடிவும் எடுத்தேன். இதுதான் கடைசி. இதுவும் போகவில்லை என்றால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை, ஊரார் கதைக்குத் துளை போடுவதோடு சரி.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. நினைத்துப் பாருங்கள்! பல் பிடுங்க யாராவது ஆசை ஆசையாக வருவார்களா? வரமாட்டேன் என்பவரைப் போனிலேயே பேசி நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைப்பவள் அவள். ஒருநாள் நான் ஒரு கம்பெனியோடு பேசுவதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணி, 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு ஆரம்பிக்கறீங்க, 'மன்னிச்சுடுங்க'ன்னு முடிக்கறீங்க. நடுவுல கதைங்கற பேச்சே வரல. போனைக் கொடுங்க இப்படி."

வாங்கினாள். "வணக்கம், எழுத்தாளரோட பிரதிநிதி பேசறேன். உங்களுக்கு வியாழக்கிழமை பதினோரு மணி வசதியா, வெள்ளிக்கிழமை நாலு மணி வசதியா?" என்றாள். வரலாமா என்று கேட்கவில்லை பாருங்கள்! எப்போது வரலாம் என்றுதான் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் வெள்ளிக்கிழமை என்றார். வாய்ப்பழக்கம் விடுமா? "சரிங்க, பழைய எக்ஸ்ரே இருந்தா எடுத்து வச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த மனிதர் பாவம், வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கதை கேட்டார்.

இப்படியாகப் பன்னிரண்டு கம்பெனிகளுக்குப் பன்னிரண்டு பிரதிகள் கொடுத்தோம். இங்கேதான், அன்பர்களே, நான் செய்த புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எழுத்தாளர்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. "கதையைக் கொடுத்துட்டு வந்தா அதை அப்புறம் போஸ்டர்லதான் பார்க்கணும்" என்று எங்கள் கடை முதலாளியே சொல்வார். அதனால் பிரதிக்குப் பிரதி ஒரு ரகசிய அடையாளம் வைப்பார்கள். ஒருவர் தெருவின் பெயரை மாற்றுவார், ஒருவர் நாய்க்குட்டியின் நிறத்தை மாற்றுவார். கதை திருட்டுப் போனால் எந்த வாசல் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா?

நானும் வைத்தேன்! அக்காவின் கைப்பையில் ஒரு பொருள். ஒரு பிரதியில் குடை, ஒன்றில் பூட்டு, ஒன்றில் பூந்தொட்டி, ஒன்றில் தராசு. பன்னிரண்டு பிரதி, பன்னிரண்டு பொருள். மஞ்சள் கேட் போட்ட கம்பெனிக்குக் கொடுத்ததில் அலாரம் கடிகாரம். கடிகாரம் என்றால் அது அடிக்க வேண்டாமா? அதற்காக அந்தப் பிரதியில் மட்டும், நாற்பத்தோராவது காட்சியில், இருவரும் பேசாமல் நிற்கும்போது கடிகாரத்தை அடிக்க விட்டேன். ஒரு பக்கம் கூடுதலாக எழுத வேண்டியதாயிற்றே என்று எனக்கு எரிச்சல் வேறு.

மாதங்கள் ஓடின. பதினோரு கம்பெனியில் ஒரு பதிலும் இல்லை. பன்னிரண்டாவது கம்பெனிக்கு நாத்தனார் போன் போட்டாள். தயாரிப்பாளரே எடுத்தார். "அந்த லிஃப்ட் கதையா? நாளைக்கே வரச் சொல்லும்மா!" அவள் கிழமை சொல்வதற்கு முன்பே! போனை வைத்துவிட்டு நாத்தனார் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. "பார்த்தீங்களா அண்ணி, என் குரலுக்கு இருக்கற மதிப்பை?"

போனோம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. "நல்ல சகுனம் அண்ணி, வாங்க" என்று மூன்று மாடி ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இதுதான் கடைசிப் படி, இதுதான் கடைசிப் படி. தயாரிப்பாளர் பெரியவர், வெள்ளைத் தலை, மேசை மேல் என் கதை. நான் அவருக்குக் கொடுத்தது குடைப் பிரதி. குடையைப் பற்றி எது கேட்டாலும் சொல்லத் தயாராகப் போயிருந்தேன்.

அவர் வாயெல்லாம் சிரிப்பாக ஆரம்பித்தார். "நாற்பத்தோராவது சீன்ல கடிகாரம் அடிக்குது பாருங்க..."

கடிகாரமா? உங்களுக்குக் கொடுத்தது குடை அல்லவா! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எட்டு வருடம் அரண்டு கிடந்தவள் நான், எனக்கு அந்த அறை முழுக்கப் பேய்! எழுந்து நின்றேன். "இது உங்களுக்குக் கொடுத்த பிரதி இல்ல சார்! மஞ்சள் கேட் கம்பெனிக்குக் கொடுத்தது! யார் திருடிக் கொடுத்தாங்க? சொல்லுங்க!" என்று கத்தினேன். மேசைக்கு அடியில் நாத்தனார் என் காலை மிதிக்கிறாள். மிதித்த மிதியில் சுண்டுவிரல் வீங்கியது, என் வாய் மட்டும் நிற்கவில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. "ஒரு எடிட்டர் அம்மா கொடுத்தாங்க" என்றார்.

"அந்தத் திருடி எங்க இருக்கா?" என்றேன்.

ஆம், அன்பர்களே, அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

பெரியவர் சுவரோரமாக இருந்த அலமாரியைக் காட்டினார். அடி முதல் உச்சி வரை கதைக்கட்டுகள். "நீங்க கொடுத்தது இதுக்குள்ள எங்கயோ இருக்கும்மா. பிரிச்சே பார்க்கலன்னு சொல்ல எனக்கே வெட்கமா இருக்கு. இது மஞ்சள் கேட் ஆபீஸ்ல மேசை ஆடுதுன்னு கால் அடியில வச்சிருந்ததாம். அந்த எடிட்டர் ஒருநாள் கம்ப்யூட்டர்ல படம் ஏறுற வரைக்கும் சும்மா இருக்க முடியாம உருவிப் படிச்சிருக்காங்க. அங்க பேசிப் பார்த்தாங்களாம், எடுக்கலன்னுட்டாங்க. வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன்னு கேட்டு வாங்கி, என்கிட்ட கொண்டு வந்தாங்க. கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

புரட்டினேன். நீல மையில் நான்கு வரி. "படித்தேன். மூன்று இடத்தில் சிரித்தேன். கடிகாரம் அடித்த இடத்தில் மூடி வைத்துவிட்டு, ஆறு வருடம் கழித்து என் தங்கைக்குப் போன் செய்தேன். இவரை விட்டுவிடாதீர்கள்."

அவையோரே, எனக்கு அழுகை வந்தது. என்னை அறியாத ஒருவர், எனக்கு எதுவும் கடன்படாத ஒருவர், என் பெயரைத் தவிர என்னைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், என் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்காக மூன்று மாடி ஏறியிருக்கிறார்! திருடனைப் பிடிக்கத்தான் அடையாளம் வைத்தேன். அந்த அடையாளத்தில் அகப்பட்டவர் எனக்கு நல்லது செய்தவர். நாத்தனாருக்கும் அப்போதுதான் விளங்கியது, அன்று போனில் வேலை செய்தது அவள் குரல் இல்லை என்று. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முறைக்காதே அம்மா, சொல்லித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டு பொருள் ரகசியத்தையும் பெரியவரிடம் ஒப்புக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேணும்னா குடையே வச்சுக்கலாம் சார்" என்றேன். "அம்மா, கடிகாரத்தை எடுத்தா எனக்குப் படமே வேண்டாம்" என்றார். பயத்தில் எழுதிய ஒரு பக்கம், எரிச்சலோடு எழுதிய ஒரு பக்கம், அதற்குத்தான் நீங்கள் கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

இப்போது தலைவர் பக்கம் திரும்புகிறேன். அம்மா, அந்த நீல மைக்காரர் நீங்கள். கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் உங்களை நான் என்ன சொன்னேன் என்பது இந்த நிமிடம் வரை உங்களுக்குத் தெரியாது. பெரியவர் சொல்லவில்லை, நாத்தனார் சொல்லவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அறைக்குள் சொன்ன சொல்லுக்கு அவையில் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள் அம்மா. சிரிக்கிறீர்களா? பக்கத்தில் யார், உங்கள் தங்கையா? அவரும் சிரிக்கிறாரே! எனக்கு இது போதும், விருது வேறு வேண்டுமா?

கடைசி வரிசைக்கு வருகிறேன். என் இனமே! யாருக்குப் பயந்து கதைக்கட்டைக் கட்டிப் பிடித்திருக்கிறீர்கள்? திருடனுக்கா? திருடர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெயரை எழுதுங்கள், பதிவு செய்யுங்கள், பத்திரமாக இருங்கள். ஆனால் கேட்கிறேன், என் பதினோரு பிரதிகளைத் திருட ஒருவராவது வந்தாரா? திறந்தாரா? தீண்டினாரா? தூசி தவிர யாராவது தொட்டார்களா? பூட்டி வைத்த கதையைத் திருடவும் ஆள் வராது, படிக்கவும் ஆள் வராது! ஏஜென்ட் கிடைக்கவில்லை, ஏஜென்ட் கிடைக்கவில்லை என்று அலைகிறீர்களே, உங்கள் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் இன்னொருவரிடம் சொல்கிறாரே, அவர்தான் உங்கள் முதல் ஏஜென்ட்! அவருக்கு அலுவலகம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். அவர் கையில் உங்கள் கதை இருக்க வேண்டும், அவ்வளவுதான்!

எனவே இப்போதே ஒன்று செய்வோம். மடியில் இருக்கும் கதைக்கட்டை வலப்பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுங்கள். ஆமாம், முன்பின் தெரியாதவரிடம்தான்! நானே முதலில் கொடுக்கிறேன். இதோ என் அடுத்த கதை, வாசலில் பன்னிரண்டு பிரதிகள் வைத்திருக்கிறோம். பன்னிரண்டிலும் ஒரே பொருள், ஓர் எழுத்துகூட மாற்றம் இல்லை. பின் அட்டையில் என் பிரதிநிதியின் எண் இருக்கிறது. போன் செய்தால் முதலில் பல் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், பயப்படாதீர்கள்.

ஏன் யாரும் அசையவில்லை? அந்த நீலச் சட்டைத் தம்பி பாதி நீட்டிவிட்டு மறுபடியும் இழுத்துக்கொள்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா கையை நீட்டியபடியே காத்திருக்கிறார். கொடுங்கள் தம்பி. நான் பேசாமல் நிற்கிறேன், கொடுங்கள்.

அதோ, கடிகாரம் அடிக்கிறது! கொடுத்துவிட்டார்! அந்த வரிசை முழுக்கக் கொடுக்கிறது! நாத்தனாரே, நிறுத்தாதே, அடிக்கட்டும். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், மேசைக் காலுக்கு அடியில் கிடப்பதையும் எடுத்துப் படிக்கும் எல்லா நல்ல கைகளுக்கும் நன்றி சொல்லி, என் நேரம் முடிந்தது என்று விடைபெறுகிறேன். வணக்கம்!