தாமரை எழுதிய அந்த ஒரு வரி

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு ருசியாகக் கிடைக்க வேண்டுமென்றால், இன்ஸ்பெக்டர், மத்தியானக் கூட்டத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். நானும் தாமரையும் அப்படித்தான் போவோம். அலுவலகத்தில் அவளுக்குக் கணினி நிரல், நாங்கள் 'கோடு' என்போம், எழுத அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன் நான். "அண்ணே, இத கொஞ்சம் பாருங்கலா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்குக் கணினி செய்கிறது. நோயாளியின் இதயத்துடிப்பு தப்பினால் தாதியர் மேசையில் மணி அடிக்கும். அதில் ஒரு கோளாறு இருந்தது. பதிவுகளைச் சேமிக்கும் ஃபைல் சிஸ்டத்தை ஒவ்வொரு முறை மூடும்போதும், வாங்கிய நினைவகத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தராமல் விட்டுவிடும். வெளியே போன தூக்குச்சட்டிகளைத் திரும்ப வாங்காமல் சாப்பாட்டுக் கடையை அடைப்பது மாதிரிதான். ஒருநாள் சாம்பார் ஊற்றப் பாத்திரமே இருக்காது. கணினியும் அப்படியே உறைந்து நின்றுவிடும்.

மாதக்கணக்கில் தேடியும் எனக்கு அகப்படவில்லை. தாமரை கண்டுபிடித்தாள். மூடுவதற்கு முன், வெளியே இருக்கும் பஃபர்கள், அதாவது அந்தத் தூக்குச்சட்டிகள், எல்லாம் திரும்பும்வரை காத்திருந்து விடுவிக்க ஒரே ஒரு வரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளி சிவநேசன் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, "உங்க சிஷ்யை உங்கள மிஞ்சிட்டா லா" என்றார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அவள் எழுதியதைச் சரிபார்த்து மருத்துவமனைகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். கெடுதல் நினைக்கவில்லை. கோளாறு திரும்பி வரும், அவளும் என்னிடம் திரும்பி வருவாள் என்றுதான் நினைத்தேன்.

அவளுடைய அப்பா பக்கிரிசாமி, கிள்ளானில் லோரி ஓட்டியவர். நெஞ்சுவலி என்று எங்கள் கணினி இருக்கும் வார்டில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். போகும் வழியில் தாதியர் மேசையைக் கவனித்தேன். திரையில் கடிகாரம் அசையாமல் நின்றிருந்தது. யாருக்கும் அது உறைக்கவில்லை.

தாமரை சாப்பிடாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

"போய்ச் சாப்பிட்டு வாம்மா, நான் இருக்கேன்" என்றேன்.

"அந்த மெஷின்ல ஓடுறது என் கோடுதான் அண்ணே. அப்பாவுக்கு ஒன்னும் ஆகாது" என்று சொல்லிவிட்டு கேண்டீனுக்குப் போனாள்.

என் கோடு என்றாள். நான் சொல்லிக்கொடுத்த கோடு என்று சொல்லியிருக்கலாம்.

பெரியவருக்கு மூச்சு திணறியது. என் கையைப் பிடித்தார். கட்டிலருகே மணி கிடையாது. நான் குரல் கொடுத்திருந்தால் தாதி ஓடி வந்திருப்பாள். கொடுக்கவில்லை. அவர் பிடி தளரும்வரை கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, அவ்வளவு மரியாதை எனக்குத் தெரியும்.

தாமரை வந்து பார்த்து அலறினாள். பிறகு என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "அண்ணே, ஏன் மணி அடிக்கல? சொல்லுங்கண்ணே" என்றாள்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வி. அவளை உட்காரவைத்து, அந்த வரி என்ன ஆனது என்பதை முதலிலிருந்து பொறுமையாக விளக்கினேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?