தோல் வாஷர்

உங்கள் மேஜை மின்விசிறி ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அடியில் ஒரு வாஷர் வைத்தால் சரியாகிவிடும். வாஷர் என் தொழில். சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெயர் ஏகநாதன், எழுதிக்கொள்ளுங்கள்.

தசரதன் எனக்குப் பக்கத்து வீடு. ஷாஃப்டுக்குள் பாறையில் துளை போட்டுப் போட்டு நெஞ்செல்லாம் தூசு ஏறியவன். எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு அப்படியொரு இரைப்புக்காரர் உண்டு. ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அதற்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தேன். கொல்லுப்பட்டறைத் துருத்தி, சைக்கிள் டியூப், ஒரு தோல் வாஷர். கையால் அமுக்கினால் மூச்சு உள்ளே போகும். டியூபைத் தன் சைக்கிளிலிருந்து கழற்றிக் கொடுத்ததே தசரதன்தான். தங்கமான மனுஷன்.

ஆஸ்பத்திரி டாக்டர், "சிலிண்டர் இருக்கும்போது இது எதுக்குப்பா?" என்றார். அவர் சொன்னது நியாயம். சிலிண்டர் இருக்கும்வரை என் கருவிக்கு வேலை வராது.

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்குப் புதுக் கயிறு மாட்டினால் முதலில் பாரம் ஏற்றி இறக்கிப் பார்ப்போம். அப்புறம்தான் ஆளை ஏற்றுவோம். மூச்சுக் கருவிக்குப் பாரம் எது? நீங்களே சொல்லுங்கள்.

அன்று மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தசரதன் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டுச் சிலிண்டரையும் வராந்தாவிலிருந்த மாற்றுச் சிலிண்டரையும் திறந்து காலி செய்தேன். சத்தம் வராமலிருக்கக் கம்பளியைச் சுற்றினேன். அவன் தூக்கம் கெடக்கூடாது பாருங்கள்.

அவனுக்குத் திணறல் எடுத்தது. டாக்டர் வேறு சிலிண்டர் கேட்டுக் கோலாருக்கு ஃபோன் போட ஓடினார். நான் கருவியைக் கொண்டுவந்தேன். அவன் மனைவி ராணி அமுக்க அமுக்க அவன் முகம் தெளிந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் கோலாரிலிருந்து சிலிண்டர் வண்டி வந்தபோது டாக்டர் பிரசவ வார்டில் இருந்தார். "ஆளு தேறிட்டாரு, எடுத்துகினு போங்க" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பியது நான்தான். வண்டிக்காரர் என்னை அடையாளம் காட்டியதில் வருத்தமில்லை. பாரம் ஏற்றிய சோதனையைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

இருட்டும் நேரத்தில் தோல் வாஷர் மூச்சின் ஈரத்தில் ஊறி அடைத்துக்கொண்டது. ராணி அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். தசரதன் என் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தான்.

"நீங்க இல்லாங்காட்டி மத்தியானமே போயிருப்பாருண்ணா" என்று ராணி என் காலில் விழுந்தாள். மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஈரத்தில் தோல் ஊறும் என்று யோசித்திருக்க வேண்டும். நீங்கள் கருவியைப் பறிமுதல் செய்வதற்கு முன்பே ரப்பர் மாற்றிவிட்டேன்.

எழுத ஆரம்பித்ததிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறீர்கள், ஐயா. கருவி உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது?